பெட்டிக்குள் வறுத்த அரிசி

‘அறிவுப் பகிர்வு’ என்று பதாகை கட்டி, ஹோட்டலில் பகல் சாப்பாடு போட்டு நடத்தும் கூட்டங்களுக்கு நான் நிறையப் போயிருக்கிறேன். அங்கே விசிட்டிங் கார்டு கைமாறும், புரியாணி கைமாறும். அறிவு கைமாறி நான் பார்த்ததில்லை. வேறு வேறு நாட்டு ஆட்கள் சேர்ந்து ஒரு பொருளைச் செய்வது எப்படி, ஒரு இடத்தில் தெரிந்தது இன்னொரு இடத்துக்குப் போய்ச் சேருவது எப்படி என்று நான் கண்ணால் பார்த்தது ஒரு புதன்கிழமை பின்னேரம், கண்டியில், ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில். என்னோடு வேலை செய்த ஒரு பெண் அன்று கமராவுக்கு முன்னால் ஒரு பெட்டியைத் திறந்து கவிழ்த்தாள். அவளைப் பற்றி எழுதாமல் செத்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். அப்படியென்றால் யாருடைய பெயரும் வேண்டாம்.

போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் ஆராய்ச்சிப் பிரிவு என்று பெரிதாகச் சொன்னால் நான்கு பேர். தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர், பொறியியல் படித்து வெளிநாட்டில் இருந்து திரும்பி வந்தவர். அவரை நாங்கள் சேர் என்போம். அடுத்து அவள், அலவத்துகொடைப் பக்கத்து முஸ்லிம் பெண், மின்னணுப் பொறியியலாளர். பிறகு நான், பன்வில தேயிலைத் தோட்டத்தில் பிறந்து தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவள், வெளிவேலைக்குப் பொறுப்பு. நாலாவது ஆள் சாரதி. அறையில் ஒரு மேசை, சில கதிரைகள், ஒரு அலுமாரி, ஓடும்போது கடகடக்கும் ஒரு மின்விசிறி. ஜன்னலைத் திறந்தால் குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் போகிற பஸ்களின் ஹோர்ன். மூடினால் வேர்க்கும்.

நாங்கள் செய்தது மண்சரிவை முன்கூட்டி அறிவிக்கும் பெட்டி. சோற்றுப் பெட்டி அளவில் ஒரு சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பெட்டி. அதை மலைச்சரிவில் ஒரு கம்பத்தில் பூட்டி, அதிலிருந்து வயர்களை மண்ணுக்குள் இறக்குவோம். மண் எவ்வளவு நனைந்திருக்கிறது என்று அளந்து, கைத்தொலைபேசி வலையில் எங்கள் அறைக்கு அனுப்பும். ஈரம் ஒரு எல்லையைத் தாண்டினால் சரிவுக்குக் கீழே இருப்பவர்களை வெளியே எடுக்கலாம். வடிவமைத்தவர் ஆஸ்திரியாவில் ஒரு வயதான பொறியியலாளர். அவருடைய மலைகளிலும், நேபாளத்திலும், எங்கள் மலைகளிலும் பெட்டிகளை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தோம். சரி என்று முடிவானால் தொழிற்சாலையில் செய்து ஊர் ஊராக வைப்பார்கள். அப்படி வைத்த பிறகு ஒருவரும் போய்ப் பார்க்கத் தேவையில்லை என்பதுதான் அதன் பெருமையே.

பன்விலையில் ஒரு பெட்டி, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயம் ஒன்றுக்கு, என் அண்ணன் குடும்பம் இருந்த லயத்துக்கு, நேர் மேலே இருந்தது. நான் பிறந்த லயமும் அதுதான். ஆகவே எனக்கு இது வெறும் வேலை இல்லை.

புதன்கிழமை தோறும் மூன்று நாடும் கணினித் திரையில் கூடும். அதற்கு முதல் நாங்கள் நாலு பேரும் ஒரு கூட்டம் போடுவோம். மீன் அடைத்த மாலுபாணும் பால் போடாத பிளேன்டீயும் வரும். எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று முடிவெடுப்போம். பிறகு திரையைப் போட்டு, “எல்லாம் நன்றாக வேலை செய்கிறது” என்று சேர் ஆங்கிலத்தில் சொல்வார். நேபாளத்து ஆளும் அதையே சொல்வார். ஆஸ்திரியாக்காரர் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போவார். நம்முடைய ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. பழுது வந்தால் சொல்ல மாட்டோம், சமாளிப்போம். சமாளித்துவிட்டால் அதைக் கெட்டித்தனம் என்று நினைப்போம். கேட்டால், வெளிநாட்டுக்காரருக்குக் கஷ்டம் கொடுக்கக் கூடாதாம், நம்மைப் பற்றி அவர்கள் குறைவாக நினைக்கக் கூடாதாம். மரியாதை என்ற பெயரில் இவ்வளவு முட்டாள்தனம் வேறு எங்காவது நடக்குமா தெரியவில்லை.

எங்கள் சமாளிப்பு வறுத்த அரிசி. பெட்டியை நாங்கள் மலையில் வைத்த கொஞ்ச நாளிலேயே உள்ளே வேர்க்கத் தொடங்கியது. காலையில் பனி மூட்டம், பகலில் வெயில், பின்னேரம் மழை. மூடியைக் கழற்றினால் உள்பக்கம் முழுக்க நீர்த்துளி. அவளுடைய உம்மா உப்புப் போத்தலில் வறுத்த அரிசி போட்டு வைப்பாராம், உப்பு கசியாமல் இருக்க. அவள் ஒரு பிடி அரிசியை வறுத்து, துணியில் முடிந்து, பெட்டிக்குள் வைத்தாள். ஒரு வாரத்துக்குத்தான், காரணம் கண்டுபிடிக்கும் வரைக்கும் என்றாள். பெட்டி காய்ந்தது, அளவுகள் ஒழுங்காக வந்தன. சேருக்குச் சந்தோஷம். “பிள்ளை, நீர் கெட்டிக்காரி” என்றார். அதோடு காரணம் தேடுகிற வேலை நின்றுபோனது. மாதாமாதம் பெட்டிகளைப் பார்க்கப் போகும்போது அரிசியை மாற்றுவது என் வேலையானது. சாரதி வேனில் ஏறும்போதே கேட்பார், “அக்கா, இண்டைக்கு எத்தின பெட்டிக்குச் சோறு?”

ஒரு ஐப்பசி மழையில் வத்தேகம தாண்டிப் பாதை உடைந்துபோனது. அந்த மாதம் பன்விலைக்குப் போக முடியவில்லை. மழை விடவேயில்லை. நான் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தேன். அண்ணன் வீட்டுக்கு மேலே இருந்த பெட்டி மண் காய்ந்திருக்கிறது என்று காட்டியது. மற்றப் பெட்டிகள் ஏறுகின்றன, அது மட்டும் ஏறவில்லை. அந்தப் பக்கம் மழை குறைவாக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது அண்ணன் போன் எடுத்தார்.

“என்னடி, ஒங்க பெட்டி என்னா சொல்லுது?”

“காஞ்சி இருக்குன்னு காட்டுதுண்ணே.”

“காஞ்சி இருக்கா? பின்பக்கத்து மண்ணு கானுக்குள்ள எறங்கிருச்சி. தண்ணி காம்பராவுக்குள்ள வந்துருச்சி. புள்ளைகள தூக்கிக்கிட்டு கோயிலுக்குப் போறோம். ஒங்க பெட்டிய கழட்டிக் கொண்டாந்து அடுப்புல வைய்யி.”

அன்றைக்கு இறங்கிய மண் வடிகானோடு நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாதை திறந்ததும் அவளும் நானும் போனோம். பெட்டியைத் திறந்தபோது அரிசி முடிச்சு பூஞ்சணம் பிடித்து கறுப்பாக இருந்தது. எறும்பு புற்று வைத்திருந்தது. உள்ளே இருந்த பலகையில் நீர் சொட்டியது. அளக்கும் பகுதி எப்போதோ செத்துவிட்டது. புது அளவு கிடைக்காதபோது கடைசியாகக் கிடைத்த அளவையே திரும்பத் திரும்ப அனுப்பும்படி அதைச் செய்திருந்தார்கள். செத்த பிறகும் மண் காய்ந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

அவள் அந்த மழை ஈரத்தில் கம்பத்துக்குக் கீழே குந்தியபடி லயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி காம்பரா அறைக்குள் இருந்து சேற்றை வாளியில் அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார்.

“அக்கா, நாங்க மாசாமாசம் வாற எடத்துலேயே இப்பிடி” என்றாள். “ஆள் போகாத எடத்துல வெச்சா?”

எனக்குப் பதில் தெரியும், அவளுக்கும் தெரியும். அரிசி மாற்ற ஆள் இல்லாத இடத்தில் இந்தப் பெட்டி முதல் மழையிலேயே கண்ணை மூடிவிடும். அதை நம்பி ஆட்கள் கீழே படுத்திருப்பார்கள். சோதனை முடிந்து நாங்கள் போவது நின்ற பிறகு என் அண்ணன் பிள்ளைகளும் அப்படித்தான் படுத்திருப்பார்கள்.

அடுத்த புதன்கிழமைதான் வடிவத்தை முடிவு செய்து தொழிற்சாலைக்கு அனுப்புகிற கூட்டம். அதற்கு முன் நாங்கள் நாலு பேரும் வழக்கம்போல் போட்ட கூட்டத்தில் மாலுபாணை ஒருவரும் தொடவில்லை. நடந்ததை அவள் சொன்னாள். சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பிள்ளை, முதல்ல இது முடிவாகட்டும். பிறகு திருத்தம் எண்டு எழுதி அனுப்புவம். இப்ப சொன்னா இவ்வளவு காலமும் நாங்கள் அனுப்பின ரிப்போட் எல்லாம் பொய் எண்டாகும். எங்களுக்குக் காசு குடுக்கிறவை அடுத்த வருசத்துக்குத் தரமாட்டினம். இந்த அறையைப் பூட்ட வேண்டி வரும். விளங்குதோ?”

எனக்கு ஆத்திரம் வந்தது. “எங்கண்ணன் புள்ளைக அதுக்குக் கீழதான் படுக்குதுக சேர். ஒங்க ரிப்போட்டத் தூக்கிக் கான்ல போடுங்க.”

“நான் சொல்ல வேண்டாம் எண்டு சொல்லேல்ல. இண்டைக்கு வேண்டாம் எண்டுதான் சொல்லுறன்.”

“அத அப்பிடியே மழைக்கிட்டயும் செல்லுங்களேன் சேர்” என்றாள் அவள். “இண்டைக்கு வாணாம், திருத்தம் எழுதின பொறகு வா எண்டு.”

சாரதி சிரித்துவிட்டு, சேரின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். அவள் குரலை உயர்த்தவே இல்லை. “அரிசி வெச்சது நான் சேர். நீங்க கெட்டிக்காரி எண்டு சென்னதும் எனக்குப் பெருமையாத்தான் இருந்திச்சி. அதனால நான்தான் எடுத்துக் காட்டணும். நீங்க பேச வாணாம்.”

சேர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மணியைப் பார்த்தார். கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது.

என்னைப் போல ஆளென்றால் கத்தியிருப்பேன். கத்தினால் ஆஸ்திரியாக்காரர் என் கோபத்தைப் பார்த்திருப்பார், பெட்டியைப் பார்த்திருக்க மாட்டார். அவள் அப்படிச் செய்யவில்லை. எல்லோரும் வணக்கம் சொல்லி முடித்ததும், கலகெதரப் பக்கத்து மலையில் இருந்து அன்று காலையில் கழற்றிக் கொண்டுவந்த பெட்டியை மேசையில் வைத்தாள். அதற்குப் பக்கத்தில் மாலுபாண் வந்த தட்டை வைத்தாள். கமரா அவளுடைய முகத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. எட்டி அதை மேசைப் பக்கம் திருப்பியது சேர். இன்றைக்கு வேண்டாம் என்று சொன்னவர்தான். ஆனால் திருப்பினார். அதற்காக அந்த மனிதனுக்கு நான் எத்தனையோ விஷயங்களை மன்னித்திருக்கிறேன்.

அவள் திருகாணிகளைக் கழற்றி, முடிச்சை அவிழ்த்து, தட்டில் கொட்டினாள்.

“அது என்ன?” என்றார் ஆஸ்திரியாக்காரர்.

“அரிசி. வறுத்தது.”

“என் பெட்டிக்குள் ஏன் அரிசி?”

“உங்கள் பெட்டி உள்ளே வேர்க்கிறது. தொடக்கத்தில் இருந்தே வேர்க்கிறது. நாங்கள் மாதாமாதம் அரிசி மாற்றுகிறோம். உங்களிடம் சொல்லவில்லை. போன மழைக்கு எங்களால் மாற்றப் போக முடியவில்லை. பெட்டி செத்துவிட்டது. செத்த பிறகும் மண் காய்ந்திருக்கிறது என்று சொன்னது. கீழே ஆட்கள் இருந்தார்கள்.”

அவளுடைய ஆங்கிலம் எளிமையானது. அன்றைக்கு அதைவிட நல்ல ஆங்கிலத்தை நான் கேட்டதில்லை.

திரையில் நேபாளத்து ஆள் திடீரென்று எழுந்து போய்விட்டார். அவருடைய வெறும் கதிரைதான் தெரிந்தது. கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் திரும்பி வந்தபோது கையில் ஒரு சின்னத் துணிப்பை இருந்தது. அதைக் கமராவுக்கு முன்னால் கவிழ்த்தார். கரித்துண்டுகள்.

“எங்களுடையது கரி” என்றார். சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்த முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நாங்கள் மட்டும்தான் உங்களை ஏமாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.”

ஆஸ்திரியாக்காரர் சிரிக்கவில்லை. முகம் சிவந்து போயிருந்தது. பெட்டி பனி மூட்டத்தைத் தாங்கும் என்று அவர் எழுதியதெல்லாம் எங்கள் இரண்டு நாட்டு அளவுகளையும் நம்பித்தான் என்றார். “நான் பெட்டியைச் சோதிக்கவில்லை. அரிசியையும் கரியையும் சோதித்திருக்கிறேன்.”

“நீங்கள் வேலை செய்கிறதா என்று கேட்டீர்கள்” என்றாள் அவள். “வேலை செய்ய வைப்பதற்கு நாங்கள் என்ன செய்கிறோம் என்று ஒருநாளும் கேட்கவில்லை.”

இப்போது அறையைப் பூட்டப் போகிறோம் என்று நான் நினைத்தேன். அந்த மனிதர் திரைக்கு அருகே குனிந்து தட்டில் கிடந்த அரிசியைப் பார்த்தார். பிறகு அவர் கேட்ட கேள்வியை நான் மறக்கவே மாட்டேன். யார் தப்பு என்று கேட்கவில்லை. ஏன் மறைத்தீர்கள் என்றும் கேட்கவில்லை.

“உங்கள் பெட்டிகளில் எதற்கு அரிசி மிகக் குறைவாகத் தேவைப்படுகிறது?”

ஆராய்ச்சி தெரிந்த ஆள் என்றால் இப்படித்தான் இருப்பான். தன் வருடக்கணக்கான உழைப்பு தட்டில் கொட்டிக் கிடக்கும்போது அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பெட்டிதான் ஞாபகம் வந்தது. அலவத்துகொடையில் அவளுடைய ஊருக்கு மேலே இருந்த பெட்டி. அது திரீவீலரில் இருந்து விழுந்து அடிப்பக்கம் வெடித்த பெட்டி. வெட்கப்பட்டுக்கொண்டு, கண்ணில் படாத இடமாகப் பார்த்து அதை வைத்திருந்தோம். அதற்கு அரிசி மாற்றவே மறந்துபோவோம். ஆனால் அது ஒருநாளும் சாகவில்லை.

“வெடித்த பெட்டிதான் நன்றாக இருக்கிறது” என்று அவள் சொன்னாள்.

அந்தப் பக்கம் ஆஸ்திரியாக்காரர் எதையோ காகிதத்தில் வேகமாகக் கீறத் தொடங்கினார். இந்தப் பக்கம் நேபாளத்து ஆள் சிரிப்பை நிறுத்தியிருந்தார். தண்ணீர் உள்ளே போகக் கூடாது என்று பெட்டிகளை இறுக்கமாகச் செய்திருந்தார்கள். மூடும்போதே ஈரக்காற்றும் உள்ளே அகப்பட்டுவிடும், கொஞ்சம் கொஞ்சமாக இன்னும் சேரும், வெளியே போக வழியில்லை. வெடித்த பெட்டி மூச்சு விட்டது, சொட்டிய நீரும் கீழால் போனது. அன்று முடிவு செய்யவிருந்த வடிவத்தை அவர்கள் முடிவு செய்யவில்லை. இருட்டும் வரைக்கும் பேசினார்கள். மூன்று நாடும் ஒன்றோடொன்று உண்மையாகப் பேசிய முதல் நாள் அது.

பிறகு நடந்ததை லேசான காரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அடியில் துளை போட்டால் எங்கள் ஊரில் எறும்பு ஏறியது. நேபாளத்தில் குளவி மண் வைத்து அடைத்தது. நாங்கள் தேயிலை வடி வலையை வெட்டி ஒட்டினோம், அது துருப்பிடித்தது. அதைச் சொன்னோம். நேபாளத்தில் வேறு வலை போட்டார்கள், எங்களுக்கும் ஒரு துண்டு தபாலில் வந்தது. துளைக்கு நீர் ஓடி வரும்படி அடிப்பக்கத்தை எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று ஆஸ்திரியாக்காரர் கணக்குப் பார்த்தார். அளக்கும் பகுதி செத்தால் பழைய அளவை அனுப்பாமல் ‘எனக்குத் தெரியவில்லை’ என்று பெட்டி சொல்ல வேண்டும் என்றது நேபாளத்து ஆள். அதை எழுதிச் சேர்த்தவள் அவள். யாருடைய மூளையில் எது வந்தது என்று இன்றைக்கு என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

காசு கொடுத்தவர்கள் முகத்தைத் தூக்கினார்கள். அடுத்த தவணை பிந்தியது. சாரதியை நிறுத்த வேண்டி வந்தது. உண்மையைச் சொன்னதற்கு முதலில் அடிபட்டது அதில் ஒரு பொய்யும் சொல்லாத அந்த மனிதன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதன் பிறகு அவளும் நானும் பெட்டிகளைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுபோனோம். கொண்டக்டர்மார் அதற்கும் டிக்கெட் எடுக்கச் சொல்வார்கள். “அது பிள்ளை நானா, மடியில வெச்சிக்கிறேன்” என்று அண்ணன் முறையில் கூப்பிட்டுச் சொல்வாள் அவள்.

அறையைப் பூட்ட வேண்டி வரவில்லை. கூட்டத்துக்கு முந்தைய கூட்டம்தான் இல்லாமல் போனது. புதன்கிழமைகளில் முதல் பேச்சை அவளுக்குக் கொடுத்தார்கள். ஒவ்வொரு நாட்டிடமும் அவள் கேட்பது ஒரே கேள்வி: வரைபடத்தில் இல்லாத எதை இந்த வாரம் உங்கள் கையால் செய்தீர்கள்? முதலில் எல்லோரும் கூச்சப்பட்டார்கள். பிறகு போட்டி போட்டார்கள். யாரைவிடவும் நீளமாகச் சொன்னது எங்கள் சேர்தான். ஒருநாள் தான் பெட்டியைத் தலைகீழாகப் பூட்டிய கதையை அவர் விவரிக்க விவரிக்க, அவள் கையை உயர்த்தி, “சேர், மத்த நாட்டுக்காரவங்களும் தப்புச் செஞ்சிரிப்பாங்க, அவங்களுக்கும் கொஞ்சம் டைம் வெய்யுங்க” என்றாள். “ஓம், ஓம்” என்று அவர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பெரிய பெரிய இடங்களில் வேலை செய்கிறவர்களை எனக்குத் தெரியும். கேட்டால் புதுமை, கூட்டுழைப்பு என்று வாய் நிறையச் சொல்வார்கள். தன் கையால் செய்து, புகழ் வாங்கிய ஒன்றை, இது மோசடி என்று எல்லோருக்கும் முன்னால் கொட்டிக் காட்டிய ஆளை அவர்களில் நான் பார்த்ததில்லை. அவளைப் பார்த்தேன். அந்த அளவுக்கு நான் கொடுத்து வைத்தவள்.

அடுத்த வருடம் பெருமழைக்கு முன்னால் புதுப் பெட்டியை அண்ணன் லயத்துக்கு மேலே பூட்டினோம். மழை தொடங்கி, திரையில் கோடு ஏறியது. ஏறி எல்லையைத் தாண்டியது. தோட்டத்துக்குச் செய்தி போனது. லயத்து ஆட்களைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் பகல் அண்ணன் போன் எடுத்தார். பக்கத்தில் பிள்ளைகள் சத்தம், கோழிச் சத்தம். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

“என்னடி இது கூத்து? ஆடு, கோழி, டீவி எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு வந்து ஸ்கூல்ல ஒக்காந்துருக்கோம். மல அப்பிடியே நிக்கிது. ஒரு சல்லிக் கல்லுகூட விழல. இன்னக்கிப் பேரும் போச்சி, சம்பளமும் போச்சி. ஒங்க பெட்டி மறுபடியும் பொய் சொல்லுது.”

நான் வாய் திறப்பதற்குள் அவள் போனை வாங்கிவிட்டாள்.

“அண்ணன், மல விழும் எண்டு பெட்டி செல்லல்ல. மண்ணு நனஞ்சிரிக்கி எண்டுதான் செல்லுது. விழுறது விழாதது அல்லாட கையில. நனஞ்சது உண்ம. போன தடவ அதக்கூட நாங்க உங்களுக்குச் செல்லல்ல.”

அந்தப் பக்கம் அண்ணன் கோழியை விரட்டுகிற சத்தம் கேட்டது.

“அப்ப எப்பதான் தங்கச்சி வீட்டுக்குப் போறது?”

அவள் திரையைப் பார்த்தாள். கோடு இறங்கத் தொடங்கியிருந்தது, ஆனால் இன்னும் மேலேதான் நின்றது.

“இன்னம் காயல்ல அண்ணன். அங்கேயே இரிங்க.”

அண்ணன் ஏதோ முணுமுணுத்தார். பிறகு போனைக் காதில் வைத்தபடியே யாரையோ பார்த்துக் கத்தினார், “டேய், அந்த மூட்டைய தூக்காத, எறக்கி வைய்யி. இன்னக்கும் இங்கதான்.”